என் லாரியின் பித்தளை ரிங்கைத் தின்ற ஆயில்

பத்தலப்பல்லி மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஆந்திரா பக்கம் வி.கோட்டாவில் ஏற்றிய தக்காளி பின்னால். விடியற்காலை மூன்று மணி இருக்கும். அடுத்த வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியரை எடுத்துவிட்டு இரண்டாவதுக்குத் தள்ளினேன். விழவில்லை. 'கர்ர்ர்' என்று பல் அரைபட்டதுதான் மிச்சம். கியர் ராடு கையில் ஆடுகிறது, வண்டி நியூட்ரலில் ஓடுகிறது. மலை இறக்கத்தில் லோடு வண்டி நியூட்ரலில் ஓடினால் வயிறு எப்படிக் கலங்கும் என்று ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக்கை மிதித்து மிதித்து, லைனிங் கருகுகிற வாசனை கேபினுக்குள் ஏறிய பிறகுதான் புத்தி வந்தது. கிளட்சை விட்டேன், நியூட்ரலிலேயே ஆக்ஸிலேட்டரை ஓங்கி ஒரு மிதி, மறுபடி கிளட்சை அழுத்தித் தள்ளினேன். இரண்டாவது போய் உட்கார்ந்தது.

டபுள் கிளட்ச். என் மாமா கற்றுக்கொடுத்தது. அவர் கடைசிவரைக்கும் டாடா வண்டியைப் 'பென்ஸ்' என்றுதான் சொல்வார். 1954-ல் அந்த ஜெர்மன் கம்பெனியோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தார்கள், 1969-ல் அந்த ஒப்பந்தமே முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் வாயில் பென்ஸ் மட்டும் முடியவில்லை. "டபுள் கிளட்ச் போடத் தெரியாதவன் கையில ஸ்டேரிங் குடுக்காதே" என்பார். புது வண்டியில் அது எதுக்கு மாமா என்று சிரித்தவன் நான். அன்றைக்கு அந்த மலையில் என்னையும் கிளீனர் பையனையும் தக்காளியையும் காப்பாற்றியது அதுதான்.

வண்டி புதுசும் இல்லை. 2002 மாடல் ஆறு வீல் லாரி, ஐந்து கியர், எல்லா முன் கியருக்கும் சிங்க்ரோ, அதாவது பல் உரசாமல் கியர் விழ வைக்கிற அமைப்பு. ஆரணியில் ஒரு அரிசி ஆலையிலிருந்து 2013-ல் மூன்றாம் கையாக வாங்கினேன். பழைய வண்டி வாங்கினால் முதல் வேலையாக எல்லா ஆயிலையும் மாற்று என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மாற்றினேன். இன்ஜின் ஆயிலுக்கு ஆயிரம் பேரிடம் விசாரித்தேன். கியர்பாக்ஸுக்கும், பின் அச்சில் சக்கரத்தைச் சுற்றவைக்கிற பல் பெட்டியான கிரவுனுக்கும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆயில் கடைக்காரர், "ரெண்டுக்கும் ஒண்ணே போதும், இது நல்ல கெட்டி, 140, விலையும் ஜாஸ்தி" என்று ஒரு பெரிய கேனைக் காட்டினார். விலை ஜாஸ்தி என்றதும் உசத்தி என்று நினைத்தேன். இரண்டிலும் அதையே ஊற்றினேன்.

ஊற்றின முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை என்பதுதான் இதில் மோசம். சொல்லப்போனால் கியர்பாக்ஸ் முன்னைவிட அமைதியாக ஓடியது. கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்கும். பழைய வண்டி விற்கிற சிலர், கிரவுன் சத்தம் கேட்காமல் இருக்க உள்ளே மரத்தூள் போட்டு விற்பார்கள் என்று பேச்சுண்டு. நான் காசு கொடுத்து எனக்கு நானே அந்த மரத்தூளைப் போட்டுக்கொண்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நாலாவது மாதம், மார்கழிக் காலையில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ராடு முரண்டு பிடித்தது. கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சரியானது. குளிர் என்று விட்டுவிட்டேன். மாசி, பங்குனியில் சூடான பிறகும் இரண்டிலும் மூன்றிலும் பல் உரசல். கையை அழுத்தித் தள்ளிப் பழகிக்கொண்டேன். கிளட்ச் சரியாக விடவில்லையோ என்று அதை அட்ஜஸ்ட் பண்ணிப் பார்த்தேன். அதிலும் இல்லை. சித்திரையில் மலை.

தக்காளியை இறக்கிவிட்டு வண்டியை நேராக வேலூர் கொணவட்டத்தில் ஒரு பட்டறைக்கு விட்டேன். அந்தப் பாய்க்கு அப்போதே அறுபதைத் தாண்டியிருக்கும். வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை.

"இன்னாப்பா, கியர்பாக்ஸுல எத்த ஊத்தின?"

கேபினிலிருந்து காலிக் கேனை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைத் தேடிப் படித்தார். "ஜி.எல்-5 போட்டு கீது பாரு. இத்த கிரவுனுக்கு ஊத்தினா ராஜா. கியர்பாக்ஸுக்கு ஊத்தினா உன் பித்தளைய தின்னும்."

டிரைன் பிளக்கைக் கழற்றி ஆயிலை ஒரு பழைய அலுமினியச் சட்டியில் பிடித்தார். பிளக்கில் காந்தம் உண்டு. அதில் கறுப்பாகக் கொஞ்சம் சேறு, அது இரும்புத் தூள். "இது எல்லா வண்டியிலயும் கொஞ்சம் வரும், பயப்படாதே" என்றார். அப்புறம் சட்டியை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டினார். ஆயிலுக்குள் பொன் மினுங்கியது. ஜரிகையை இடித்துத் தூவின மாதிரி. பித்தளை காந்தத்தில் ஒட்டாது. பிளக்கை மட்டும் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று மூடியிருந்தால் இது கண்ணுக்கே தெரிந்திருக்காது. அன்றிலிருந்து எந்தக் கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினாலும் சட்டியை வெயிலில் காட்டாமல் கொட்டுவதில்லை. இரண்டு விரலில் தேய்த்தும் பார்ப்பேன். நறநறவென்றால் இரும்பு, வழவழவென்று இருந்துகொண்டே மினுங்கினால் பித்தளை.

பாக்ஸைப் பிரித்ததும் கதை முழுசாகத் தெரிந்தது. சிங்க்ரோ ரிங் என்பது கூம்பு வடிவத்தில், உள்பக்கம் நெருக்கமாகக் கோடு போட்ட ஒரு பித்தளை வளையம். நாம் ராடைத் தள்ளும்போது அது கியரின் கூம்பில் போய் உரசி, சுற்றுகிற இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். அதற்கப்புறம்தான் ஸ்லீவ் என்கிற பூட்டு வளையம் பல்லுக்குள் இறங்கும். அதாவது கியர்பாக்ஸுக்குள் இருக்கிற ஒரு குட்டிப் பிரேக் அது. பிரேக்குக்கு உரசல் வேண்டும். நான் எட்டு மாதமாக அந்தப் பிரேக்கில் வழுக்குகிற மருந்தை ஊற்றி வைத்திருந்தேன். பாய் ரிங்கைக் கூம்பில் வைத்து அழுத்தித் திருப்பினார். பிடிக்காமல் சுற்றியது. புது ரிங்கை வைத்தார், கவ்வி நின்றது. ரிங்குக்கும் கியருக்கும் நடுவில் புது ரிங்கில் ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. என்னுடைய இரண்டாவது, மூன்றாவது ரிங்கில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை. உள்கோடுகள் தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தன.

இதை அப்புறம் நானே கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஏ.பி.ஐ. என்கிற அமெரிக்கக் கழகம் கியர் ஆயிலுக்கு வகுப்பு பிரித்திருக்கிறது. நமக்கு வேண்டியது ஜி.எல்-4, ஜி.எல்-5 என்ற இரண்டு. இரண்டிலுமே கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து இருக்கும். பல்லோடு பல் நசுங்கும் இடத்தில் இரும்பின்மேல் ஒரு மெல்லிய படலம் கட்டி ஒட்டாமல் காப்பது அதன் வேலை. கேனில் 'இ.பி.' என்று போடுவது இதைத்தான். ஜி.எல்-5-ல் அந்த மருந்து ஏறக்குறைய இரட்டிப்பு. கிரவுனில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே தள்ளி உட்கார்ந்து உருளுவதோடு வழுக்கியும் உரசுகிற ஹைபாய்டு வகையில் அது இல்லாமல் முடியாது. ஆனால் கந்தகத்துக்கும் பித்தளையில் இருக்கிற செம்புக்கும் ஆகாது. வீட்டுக் குத்துவிளக்கு சும்மா இருந்தே கறுத்துப்போகிறதே, கிட்டத்தட்ட அதுதான் சூட்டில் வேகமாக நடக்கிறது. பித்தளைமேல் கட்டுகிற படலம் உரியும்போது அடியிலுள்ள பித்தளையையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு கியருக்கும் ஒரு மயிரிழை.

இதில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வருகிற நல்ல ஜி.எல்-5 ஆயில்களில் செம்பைக் காக்கவும் மருந்து சேர்க்கிறார்கள். ஆயிலின் விவரத் தாளில் செப்புத் தகடு சோதனை என்று ஒரு வரி இருக்கும். 1 என்றால் தகடு லேசாக நிறம் மாறியது, 4 என்றால் அரித்துவிட்டது. என் மகன்தான் போனில் இறக்கிக் காட்டினான். ஆகவே எல்லா ஜி.எல்-5-ம் பித்தளையைத் தின்றே தீரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வழுக்கல் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். இன்னொன்று, என் ரிங்குகள் எனக்கு முன்னால் இரண்டு கை ஓட்டிப் பாதி தேய்ந்தவை. மிச்சப் பாதியை எட்டு மாதத்தில் முடித்தது மட்டும்தான் என் சாமர்த்தியம்.

எங்கள் வேலூருக்கு ஒரு பழைய கேலி உண்டு. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோட்டைக்குள் திரும்ப வந்ததில் கோயில் கணக்கு தீர்ந்தது. காலியான அந்த இடத்தில் 'ரிங் இல்லாத கியர்பாக்ஸ்' என்று என் வண்டியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பட்டறையில் ஒரு வாரம் சிரித்தார்கள். அந்த மாத வாடகை முழுசும் ரிங்குக்கும் பேரிங்குக்கும் கூலிக்கும் போயிற்று.

ஆயிலைத் தேர்ந்தெடுப்பதற்கு வருகிறேன். கெட்டி வேண்டுமா, இளசு வேண்டுமா என்பதில்தான் எங்கள் பக்கம் சண்டையே. வேலூர் வெயிலுக்கு 140 வேண்டும் என்று பழைய டிரைவர்கள் அடம்பிடிப்பார்கள். கத்திரியில் தார் ரோட்டில் டயர் ஒட்டுகிற ஊரில் அந்த நினைப்பு வருவது இயல்புதான். பாய்கூட ஒரு காலத்தில் வெயிலுக்கு 140, பனிக்கு 90 என்று மாற்றி மாற்றி ஊற்றியவர்தான். ஆனால் அது சிங்க்ரோ இல்லாத பாக்ஸ். சிங்க்ரோ ரிங், கூம்பைக் கவ்வ வேண்டுமானால் நடுவிலிருக்கும் ஆயிலை அந்தக் கோடுகள் வழியாகப் பிதுக்கி வெளியே தள்ள வேண்டும். இளகிய ஆயில் சட்டென்று விலகும். கெட்டி ஆயில் விலக நேரம் எடுக்கும், அதற்குள் நாம் ராடை அழுத்தி விடுகிறோம், பல் உரசுகிறது. காலையில் முரண்டு, சூடானதும் சரி என்று என் வண்டி சொன்னது இதைத்தான். எனக்குக் காது கேட்கவில்லை.

எண்களைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 80டபிள்யூ-90 என்றால் பின்னாலிருக்கிற 90, ஆயில் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது. கெட்டியை அளக்கிற சென்டிஸ்டோக் கணக்கில் 90-க்குக் குறைந்தது 13.5, 140-க்குக் குறைந்தது 24. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முன்னாலிருக்கிற டபிள்யூ எண் குளிருக்கானது. 80டபிள்யூ-வை மைனஸ் 26 டிகிரியிலும் 85டபிள்யூ-வை மைனஸ் 12-லும் சோதிக்கிறார்கள். ஏலகிரியின் பதினாலு வளைவும் ஏறி மேலே போய்த் தை மாதத்தில் படுத்தாலும் நமக்கு அந்தக் குளிர் கிடைக்காது. ஆகவே முன் எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க நமக்கு அவசியமில்லை, பின் எண்தான் நம் வேலை. சிந்தடிக் 75டபிள்யூ-90 நன்றாகத்தான் இருக்கிறது, ராடு வெண்ணெய் மாதிரி விழும். என் வண்டி ஓடுகிற வாடகைக்கு அது கட்டாது.

கியர் ஆயில் 90 என்றதும் இன்ஜின் ஆயில் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கிறவர்கள் நிறைய. இரண்டும் வேறு வேறு அளவுகோல். சூட்டில் 90 கியர் ஆயிலும் 40, 50 இன்ஜின் ஆயிலும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான். சில பெரிய கியர்பாக்ஸ்களுக்குக் கம்பெனியே இன்ஜின் ஆயில் ஊற்றச் சொல்லியிருப்பது இதனால்தான். ஆகவே பக்கத்து வண்டிக்காரர் "நான் இன்ஜின் ஆயில்தான் ஊத்தறேன்" என்றால் அவர் பைத்தியம் இல்லை. அவர் பாக்ஸ் வேறு, உங்கள் பாக்ஸ் வேறு. வண்டியோடு வந்த புத்தகம் மூன்றாம் கை வண்டியில் இருக்காதுதான். என்னிடமும் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேட்டபோது கியர்பாக்ஸுக்கு 80டபிள்யூ-90, ஜி.எல்-4 என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இன்னும் சன் வைசரில் இருக்கிறது.

கடையில் 'இ.பி. 90 கொடுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். இ.பி. என்பது ஜி.எல்-4-ம் ஆகலாம், 5-ம் ஆகலாம். ஜி.எல்-4 என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள், பின்பக்க எழுத்தை நீங்களே படியுங்கள். 'ஜி.எல்-4 / ஜி.எல்-5' என்று இரண்டும் போட்ட கேன் சில இருக்கும். அதை நான் 5 என்றே எடுத்துக்கொண்டு கியர்பாக்ஸ் பக்கம் கொண்டுபோக மாட்டேன். மூடியின் சீல் உடைந்திருந்தாலோ, பேட்ச் நம்பர் அழிந்திருந்தாலோ எவ்வளவு சலிசாகக் கொடுத்தாலும் வேண்டாம். சூடு பட்டுப் பயந்தவர்கள் செய்கிற எதிர்த் தப்பு ஒன்றும் உண்டு. என் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படின்னா எல்லாத்துக்கும் 4-ஏ ஊத்திடறேன்" என்று கிரவுனுக்கும் அதையே ஊற்றக் கிளம்பினார். ஹைபாய்டு கிரவுனுக்கு ஜி.எல்-4 தாங்காது. ரிங் போனால் கியர் விழாது, அவ்வளவுதான். கிரவுன் போனால் வண்டி நடுரோட்டில் படுத்துவிடும்.

இரண்டு கேனையும் பிரித்துவைக்க நான் செய்தது, மூடியில் பெயின்ட். கியர்பாக்ஸுக்கு மஞ்சள், கிரவுனுக்குச் சிவப்பு. கைப்பம்பும் இரண்டு தனித்தனி. ஒரே பம்பில் இழுத்தால் குழாயில் நிற்கிற ஆயில் மாறிக் கலக்கும்.

மாற்றும்போது செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பாய் கையால் எல்லாம் முடிந்து ஒரு வருஷம் கழித்து, கூலி மிச்சம் என்று வாலாஜா பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் மைதானத்தில் நாங்களே மாற்றினோம். கிளீனர் பையன் உற்சாகமாகக் கீழே படுத்து டிரைன் பிளக்கைக் கழற்றிவிட்டான். சூடான ஆயில் முழுசும் இறங்கியது. அப்புறம் மேலே ஊற்றுகிற பிளக்கைக் கழற்றப் போனால், திரும்பவே இல்லை. துருவேறிப் பிடித்திருந்தது. ஸ்பானர் வழுக்கித் தலை உருண்டுபோயிற்று. பாக்ஸில் சொட்டு ஆயில் இல்லை, வண்டியை நகர்த்தவும் முடியாது. ராணிப்பேட்டையிலிருந்து வெல்டிங்காரரைக் கூட்டிவந்து பிளக் தலையில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்துத் திருப்பி எடுத்தோம். மிச்சம் பிடித்த கூலியைப்போல மூன்று மடங்கு. ஊற்றுகிற பிளக்கை முதலில் கழற்றிப் பார், அது வந்தால்தான் கீழ்ப் பிளக்கில் கை வை.

எத்தனை லிட்டர் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, அந்த ஓட்டையின் விளிம்பில் ஆயில் வழிய ஆரம்பிக்கும்வரை ஊற்றினால் அதுதான் அளவு. 'இருக்கட்டும் இன்னும் அரை லிட்டர்' என்று முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிக ஆயில் நுரைக்கும், சூடேறும், கடைசியில் முன் சீலைத் தள்ளிக்கொண்டு கிளட்ச் பிளேட்டில் போய் நிற்கும்.

2021 நவம்பரில் தண்ணியில்லாத ஆறு என்ற கேலியையும் பாலாறு தீர்த்து வைத்தது. கரைக்குக் கரை வெள்ளம். பேரணாம்பட்டு பக்கம் ஒரு தரைப்பாலத்தில் கியர்பாக்ஸ் முங்குகிற அளவுத் தண்ணீரில் வண்டியை விட்டுக் கடந்தேன். ஊரே அப்படித்தான் கடந்தது. ஒரு வாரம் கழித்துச் சந்தேகத்தில் பிளக்கைத் திறந்தால் பால் விட்ட காபி நிறத்தில் ஆயில். பாக்ஸ் மேல் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக் குழாய் இருக்கும். சூடாக ஓடின பாக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், வெளியிலிருந்து எது கிடைத்தாலும் இழுக்கும். என் பிரீதர் சேற்றில் அடைத்திருந்ததால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. அந்த ஆயிலை இறக்கி, புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, அதையும் இறக்கி, மறுபடி ஊற்றினேன். இரண்டு முறை ஆயில் செலவு வலித்தது. ஆனால் பேரிங் பிழைத்தது.

பாய் இப்போது பட்டறைக்கு வருவதில்லை, மகன் பார்த்துக்கொள்கிறார். போன வாரம் ஆயில் மாற்றும்போது சட்டியை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மினுக்கம் இல்லை, பழுப்புத் தேன் நிறம். மார்கழிக் காலையில் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மட்டும் இன்னும் லேசாக ஒரு பிடிப்பு வருகிறது. அது ஆயிலால் இல்லை, ஸ்லீவைத் தள்ளுகிற ஷிஃப்டர் ஃபோர்க் தேய்ந்திருக்கிறது என்கிறார் பாயின் மகன். வண்டியின் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. முடிந்ததும் பிரிக்கலாம் என்றிருக்கிறேன். அதுவரைக்கும் டபுள் கிளட்ச்.